கீசர் லைனுக்கு ஆர்சிசிபி வேண்டுமா, எர்த் நன்றாக இருந்தால் போதுமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் இருபத்தைந்து வருடப் பழைய அடுக்குமாடி வீடு. பாத்ரூமில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், அதிலிருந்துதான் ஷவருக்கு வெந்நீர். கீசர் ஓடும்போது ஷவரின் பித்தளைத் திருகைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது, ஆனால் எம்சிபி (கரென்ட் அளவு மீறினால் தானே விழும் பிரேக்கர்) விழவில்லை. வந்து பார்த்த முதல் எலெக்ட்ரீஷியன் கீசர் லைனில் ஒரு ஆர்சிசிபி (கரென்ட் கசிந்தால் லைனை வெட்டும் கருவி) மாட்டினால் போதும் என்றார். இரண்டாமவர், எர்த் சரியாக இருந்தால் அதெல்லாம் வேண்டாம், ஆர்சிசிபி சும்மா சும்மா விழும் என்றார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். எந்தப் பெட்டியை வாங்குவது என்ற கேள்வி போலத் தெரிந்தாலும், எம்சிபி இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் உங்கள் உள்ளே இருக்கும் பயம். அந்தப் பயம் நியாயமானது. பதிலைப் படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் கீசரின் எம்சிபியைக் கீழே இறக்கிவிட்டு வாருங்கள். சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் மின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவன். 24 வருடமாகச் சென்னையில் குடியிருப்புகளின் வயரிங்கைச் சோதிப்பதும் சரிசெய்வதும்தான் வேலை. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. அதனால் கரென்ட் கசிவு இன்ன இடத்தில்தான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் எம்சிபி ஏன் விழவில்லை என்பதைச் சந்தேகமே இல்லாமல் சொல்ல முடியும்.

எம்சிபி பாதுகாப்பது வயரை. வயர் சூடேறி உருகாமல் இருக்க, அளவுக்கு மீறி கரென்ட் ஓடினால் அது விழும். உங்கள் கீசர் 3,000 வாட், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருப்பார்கள். 16 ஆம்பியருக்குக் கீழே எவ்வளவு ஓடினாலும் அது அசையாது. நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 'சி' வகை எம்சிபி கண் இமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமென்றால் அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வரை ஓட வேண்டும். இப்போது மனித உடம்பைப் பாருங்கள். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடம்பு சுமார் 1,000 ஓம் தடையைக் கொடுக்கும் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். கால் ஆம்பியர்கூட இல்லை. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த பொருளை விட முடியாமல் கைத்தசை இறுகிவிடும். அதற்கு மேல் சில பத்து மில்லி ஆம்பியர் ஒரு நொடிக்கு மேல் மார்பு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஒருவர் உயிர் போகும் அளவு கரென்ட் பாய்ந்தாலும், எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்ப் எரிவது போலத்தான். அது பழுதாகவில்லை, அதன் வேலையே வேறு.

அடுத்தது எர்த். இரண்டாவது எலெக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆபத்து. உங்களுடையதைப் போன்ற பழைய கட்டடங்களுக்கு ஈபி தருவது பெரும்பாலும் ஃபேஸும் (கரென்ட் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் வயர்) மட்டுமே. எர்த் நாமே கட்டடத்தின் பக்கத்தில் குழி தோண்டிப் பதித்த பைப்போ தகடோதான். கீசருக்குள் ஃபேஸ் கம்பி அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரென்ட் எர்த் வயர் வழியாகக் குழிக்குப் போய், மண்ணுக்குள் நடந்து, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். இந்த முழுப் பாதைக்கும் 20 ஓம் தடை என்றால் 230-ஐ 20-ஆல் வகுங்கள்: 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழாது. விழாமல் அப்படியே நிற்கும்போது, அந்தத் தடையில் பெரும்பங்கு உங்கள் குழியில்தான் என்றால், கீசரின் உடம்பு 200 வோல்ட்டை நெருங்கியிருக்கும். இன்னும் மோசம், அதே எர்த் வயரில் சேர்ந்திருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் அதே வோல்டேஜ் ஏறிவிடும். எம்சிபியை நம்ப வேண்டுமென்றால் இந்தப் பாதையின் தடை 1.4 ஓமுக்கு மேல் போகக்கூடாது. வீட்டுக் குழி ஒன்று அந்த அளவில் வருடம் முழுக்க இருப்பது அபூர்வம். சித்திரை வைகாசியில் மண் காய்ந்து வெடிக்கும்போது, மழைக்காலத்தில் நன்றாக இருந்த குழியே பல மடங்கு மோசமாகும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்து எர்த் வயரையும் சேர்த்தே மாடிக்குக் கொண்டுவரும் பெரிய புதுக் கட்டடங்களில் கணக்கு வேறு. உங்களுடையது அந்த வகையாகத் தெரியவில்லை.

ஆர்சிசிபி செய்வது ரொம்ப எளிமையான ஒரு கணக்கு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரும் ஓர் இரும்பு வளையத்துக்குள் சேர்ந்து போகும். போனது 13 ஆம்பியர் என்றால் திரும்பி வருவதும் 13 ஆம்பியராகத்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் கொஞ்சம் வேறெங்கோ மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். யாராவது ஒருவரின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் அது விழுந்துவிடும். 30-இல் அதிகபட்சம் 0.3 நொடி, அதைப் போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள். சராசரி இதயத் துடிப்பு ஒன்றுக்கே ஏறத்தாழ 0.8 நொடி ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வேகத்தின் அருமை புரியும். எர்த் தடைக்கும் இது பெரிய விடுதலை. கீசரின் உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று கணக்குப் போட்டால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு 1,600 ஓம் எர்த் இருந்தாலும் போதும். காய்ந்த குழிக்குக்கூட அது எட்டிவிடும் எல்லை. எம்சிபி கேட்ட 1.4 ஓம் எங்கே, இது எங்கே!

அப்படியானால் எர்த் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எர்த் இருந்தால், கசிவு தொடங்கிய உடனே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி விழும். எர்த் இல்லாவிட்டால் அது விழுவதற்கு ஓர் ஆள் தொட வேண்டும். அந்த ஆள் உங்கள் குழந்தையாக இருக்கலாம். ஆர்சிசிபி ஷாக்கே அடிக்காமல் செய்யாது, ஷாக்கின் நேரத்தைத்தான் குறைக்கும். வழுக்கும் தரையில் அந்த ஒரு உதறலே விழுந்து அடிபடப் போதும். ஆகவே இருவரில் யார் சொன்னது சரி என்றால், முதலாமவர் சொன்ன கருவி அவசியம், இரண்டாமவர் சொன்ன எர்த்தும் அவசியம். ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விடக்கூடாது.

உங்கள் வீட்டில் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். எர்த் ஒழுங்காக இருந்தால் சின்னக் கசிவு அந்த வழியே போய்விடும், திருகில் சுருக்கென்று தெரியாது. இது ஊகம்தான், ஆனால் பல வீடுகளில் பார்த்த ஊகம். திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இதே புகார். கீசருக்கு மேலே லாஃப்டை ஒட்டி இருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டின் மூடியைக் கழற்றினேன். எர்த் முனையில் வயர் மாட்டியிருந்தது. திருகை அரைச் சுற்று திருப்பியதும் வயர் கையோடு வந்தது. நுனி முழுக்கப் பச்சைத் தூள், உள்ளே செம்பு என்று சொல்ல அரை அங்குலம்கூட மீதி இல்லை. உப்புக் காற்றும் குளியலறை ஆவியும் சேர்ந்து தின்றுவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் பச்சை வயர் ஒழுங்காக உள்ளே போவது போலத்தான் தெரியும். சாக்கெட், பிளக், டிபி பாக்ஸின் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) எர்த் பார், மொட்டை மாடியிலிருந்தோ மீட்டர் போர்டிலிருந்தோ குழிக்கு இறங்கும் பட்டை, குழிக்குள் இருக்கும் போல்ட், இந்த ஐந்து இடத்தையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் கிடைக்கவில்லை என்று சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுபவர்கள் உண்டு. என்றைக்கு நியூட்ரல் அறுகிறதோ அன்றைக்குக் கீசரின் உடம்பு முழு 230 வோல்ட்டில் நிற்கும். அப்படி ஒரு துண்டு கண்ணில் பட்டால் அன்றே வெட்டி எறியுங்கள்.

எர்த்தைச் சோதிக்க எலெக்ட்ரீஷியன் 100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, பாருங்க சார் நல்லா எரியுது என்பார். அதை நம்பி அனுப்பிவிடாதீர்கள். 100 வாட் பல்பின் தடையே சுமார் 530 ஓம். எர்த் தடை 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எர்த் முழுதாக அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அந்த பல்ப் சொல்லும். உண்மையான அளவுக்கு எர்த் டெஸ்டர் அல்லது லூப் டெஸ்டர் வேண்டும். மினுக்கும் திருப்புளி டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. எங்கும் சேராமல் தொங்கும் வயரில்கூட அது மினுக்கும்.

கசிவு எங்கிருந்து என்பதுதான் உறுதியில்லாத பகுதி. கீசர் ஓடும்போது மட்டும் அடிக்கிறது என்கிறீர்கள், அதனால் ஹீட்டிங் எலிமென்ட் மேல் முதல் சந்தேகம். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் போர் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம், எலிமென்ட் மேல் வெள்ளையாக உப்புப் படிந்து, அதன் அடியில் செம்பு உறை அதிகமாகச் சூடாகிப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உறைக்கு உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. உறையிலோ நுனி அடைப்பிலோ மயிரிழை விரிசல் போதும், கசிவு தொடங்கிவிடும். நம் ஊரில் கீசரை எட்டு மாதம் தொடாமல் வைத்து மார்கழியில்தான் போடுகிறோம். அதனால் புகார்களும் மார்கழியில்தான் குவிகின்றன. ஆனால் வேறொரு வாய்ப்பையும் ஒதுக்கக்கூடாது. எர்த் வயர் குழியில் சேராமல் வீட்டுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், வாஷிங் மெஷினின் மின் இரைச்சல் ஃபில்டர் வழியாக வரும் சின்னக் கசிவுகூட அந்தப் பொது எர்த் வயரில் ஏறிக் கீசர் உடம்புக்கு வந்து சேரும். கீசரின் வயரை எல்லா இணைப்பிலிருந்தும் கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் உடம்போடு சோதித்தால் விடை தெரியும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த எலிமென்ட்டை மாற்றியே ஆக வேண்டும். டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள கீசர் என்றால் மெகர் வைக்கும் முன் அந்த போர்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

என்ன வாங்குவது? கீசர் லைனுக்கு மட்டும் என்றால் 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ. எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உடம்பில் சேர்ந்தது அது. தனி ஆர்சிசிபி போட்டால் பக்கத்தில் எம்சிபியும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடும் ஷார்ட் சர்க்யூட்டும் தெரியாது. கடையில் ஈஎல்சிபி என்று பழைய பெயரில் கேட்டாலும் இப்போது தருவது ஆர்சிசிபிதான். 30 என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் விற்கிறார்கள், அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஐஎஸ்ஐ முத்திரையும், ஆர்சிசிபிக்கு ஐஎஸ் 12640 பகுதி 1, ஆர்சிபிஓவுக்குப் பகுதி 2 என்ற எண்ணும் இருக்க வேண்டும். சாதாரண கீசருக்கு டைப் ஏசி (ஏசி கரென்ட் கசிவை மட்டும் உணரும் வகை) போதும். வாஷிங் மெஷின், இன்வர்ட்டர் ஏசி எல்லாம் அதே ஆர்சிசிபியில் வருமென்றால் டைப் ஏ (துடிக்கும் டிசி கசிவையும் உணரும் வகை) வாங்குங்கள். இன்னொன்று கேளுங்கள்: நியூட்ரல் அறுந்தாலும் வேலை செய்யுமா என்று. எலெக்ட்ரானிக் வகை சில, உள்ளே வரும் நியூட்ரல் போனால் செத்துப்போகும், ஆனால் ஃபேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் எலெக்ட்ரிக் ஷவர் என்பது 8, 10 கிலோவாட் இழுக்கும் சாதனம். அதனால்தான் 40 ஆம்பியர் பிரேக்கர், 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் எல்லாம் போடுகிறார்கள். உங்கள் 3 கிலோவாட்டுக்கு டிபியிலிருந்து நேராக வரும் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் அதிகமென்றால் 4, இவ்வளவுதான். அவர்களுடைய தத்துவம் மட்டும் நமக்கும் பொருந்தும்: குளிக்கும் இடத்துக்குப் போகும் ஒவ்வொரு லைனும் 30 மில்லி ஆம்பியர் காவலுக்குள் இருக்க வேண்டும். பாத்ரூம் லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட.

சும்மா சும்மா விழும் என்ற குறைக்கு வருகிறேன், ஏனென்றால் இதனால்தான் நல்ல ஆர்சிசிபிகள் நம் வீடுகளில் பைபாஸ் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அது சும்மா விழுவதில்லை. பழைய வயரிங்கில் நியூட்ரலை எங்கே கிட்டியதோ அங்கிருந்து இழுத்திருப்பார்கள். முகப்பேரில் ஒரு வீட்டில் கீசர் போட்டதும் விழவில்லை, படுக்கையறை லைட் போட்டால் விழுந்தது. அரை நாள் தேடிய பிறகு, அந்த லைட்டின் ஃபேஸ் டிபியில் வேறொரு எம்சிபியிலிருந்தும், நியூட்ரல் பாத்ரூம் சுவருக்குப் பின்னால் இருந்த கீசர் லைனிலிருந்தும் வருவதைக் கண்டுபிடித்தோம். போனது ஒரு வழி, திரும்பியது வேறு வழி. வளையம் அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். இன்வர்ட்டர் இருக்கும் வீடுகளில் இது இன்னும் அதிகம். இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்திருந்தால் கரென்ட் போய் வரும்போதெல்லாம் விழும். அதனால் உங்களைப் போன்ற பழைய வீட்டுக்கு என் யோசனை, முதல் நாளே முழு வீட்டையும் ஒரே ஆர்சிசிபிக்குக் கீழே கொண்டுவராதீர்கள். முதலில் கீசர் லைனுக்கு ஆர்சிபிஓ. அதன் நியூட்ரல், டிபியின் பொது நியூட்ரல் பாரிலிருந்து பிரிந்து ஆர்சிபிஓ வழியாக மட்டுமே போக வேண்டும். பிறகு அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வாஷிங் மெஷின், சமையலறை, பாத்ரூம் லைட் என்று நியூட்ரல்களைப் பிரித்துப் பிரித்துச் சேருங்கள். விழும்போது எதனால் என்று தெரியும், கோபத்தில் யாரும் பைபாஸ் செய்ய மாட்டார்கள்.

சுவர் ஸ்விட்ச் போதாது என்றேனே, அதன் காரணம்: சாதாரண ஸ்விட்ச் ஒரு வயரை மட்டும் வெட்டும். வயரிங் செய்தவர் தவறி நியூட்ரலை ஸ்விட்சில் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் எலிமென்ட்டில் ஃபேஸ் நிற்கும். தண்ணீர் சூடானதும் அணைத்துவிட்டுக் குளி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் நல்ல பழக்கம் அந்த வீட்டில் பயன் தராது. ஒற்றைத் துருவ எம்சிபி நியூட்ரல் பக்கம் மாட்டியிருந்தாலும் இதே கதிதான். ஆகவே நீங்கள் எம்சிபியை இறக்கியதோடு நிற்காமல், பிளக்கையும் உருவிவிட முடிந்தால் உருவிவிடுங்கள், காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு. பாத்ரூமுக்கு வெளியே 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச், அதாவது இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். சாக்கெட் ஷவர் தண்ணீர் தெறிக்கும் தூரத்துக்குள் இருந்தால் அதையும் இடம் மாற்றுங்கள்.

ஆர்சிபிஓவால் முடியாதவையும் உண்டு. ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று யாராவது பிடித்தால், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், அதற்குத் தெரியாது. தெருவில் மெயின் நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் எகிறினாலும் அது காப்பாற்றாது, அதற்கு வேறு கருவி. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

மாட்டிய பிறகு அதன் முகத்தில் இருக்கும் 'டி' (டெஸ்ட்) பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி பால் கணக்குப் பார்க்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பல வருடம் அசையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் பொறி இறுகிப்போகும், அழுத்துவதே அதற்கு உடற்பயிற்சி. ஆனால் அந்தப் பட்டன் தனக்குள்ளேயே ஒரு தடை வழியாகக் கசிவை உண்டாக்கிக்கொள்கிறது, எர்த் வயரைச் சோதிப்பதில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் 'டி' அழுத்தினால் விழும். அதனால் வேலை முடிந்த அன்று எலெக்ட்ரீஷியனிடம் மூன்று அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள்: சாக்கெட்டில் எர்த் தடை எத்தனை ஓம், மெகரில் கீசர் எத்தனை மெகா ஓம், ஆர்சிடி டெஸ்டரில் (ஆர்சிசிபி, ஆர்சிபிஓ விழும் நேரத்தை அளக்கும் கருவி) 30 மில்லி ஆம்பியருக்கு எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது. ஆர்சிடி டெஸ்டர் இல்லாதவர் என்றால் அது இருப்பவரை அழைத்துவரச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலைதான். அந்த மூன்று எண்களையும், டிபி பாக்ஸைத் திறந்து எடுத்த ஒரு படத்தையும் இங்கே போட்டால், கீசரைத் திரும்பப் போடலாமா என்று சொல்கிறேன். அதுவரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.